இளநீரில் கலக்கிய மருந்து

கச்சான் காற்று எழும்பிவிட்டால் கடற்கரை ஊரான இறக்கக்கண்டியில் கிணறுகளின் குணம் மாறிவிடும். மாரியில் வாய்க்கு இதமாக இருந்த தண்ணீர், மேற்கிலிருந்து அனல்காற்று வீசத் தொடங்கியதும் மெல்ல மெல்லக் கரிக்கும். ஆடி மாதம் குளித்த தலை காயக் காயச் சிக்குப் பிடிக்கும். ஆனாலும் ஊர் அதைத்தான் குடித்தது. பழகின நாக்குக்கு அது உப்பாகவே தெரிவதில்லை.

அந்த வருசம் அன்னலட்சுமியின் நாக்குக்கு மட்டும் தெரிந்தது. வாளியை மேலே இழுத்ததும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கரிக்கும். வாளியோடு வீட்டுப்பக்கம் திரும்பிப் பார்ப்பாள். வீட்டுக்குள் புருசன் தவராசா படுத்திருந்தார். அவருக்கு உப்புக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

தவராசா கரைவலைக்காரர். கயிறு இழுக்கிறவர்களுக்கு முன்னால் நின்று அம்பாப் பாட்டு எடுத்துக்கொடுக்கிற குரல் அவருடையது. அவர் ஒரு அடி பாட, மற்றவர்கள் மறு அடியைச் சொல்லிக்கொண்டு குதிக்காலை மணலில் ஊன்றி இழுப்பார்கள். சண்டைக் காலம். வெயில் ஏறின பிறகுதான் வலை வளைக்கலாம், பொழுது சாய முந்தி வள்ளம் கரையில் நிற்க வேண்டும் என்று நேவி நேரம் குறித்து விட்டிருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு வலையாவது இழுத்து முடிக்க வேண்டும் என்று ஆட்கள் ஓடி ஓடித் தொழில் செய்தார்கள்.

அப்படியொரு மத்தியானம், வலை மடி கரைக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தபோது, தவராசா பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மணலில் இருந்துவிட்டார். களைப்பு ஆக்கும் என்று ஆட்கள் பகிடி பண்ணினார்கள். எழும்பப் பார்த்தார். ஏலவில்லை. கால் இரண்டும் கிடந்தன, ஆனால் அவர் சொல்லை அவை கேட்கவில்லை. கொஞ்சக் காலமாகவே அவருக்குப் பாதம் வீங்கி வற்றிக்கொண்டிருந்தது. கடல்காற்று என்று சொல்லிச் சமாளித்து வந்திருந்தார்.

அடுத்த வீட்டு வளவு லாபிர்தான் மீன் ஏற்றுகிற தன் வான் வண்டியில் ஐஸ் பெட்டிகளை ஒதுக்கி, அவரைக் கிடத்தி, திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. டொக்டர் ஒரு வாலிபப் பெடியன். நெஞ்சில் வயர்களை ஒட்டி எடுத்த கடதாசியைப் பார்த்ததும் அவன் முகம் மாறினதை அன்னலட்சுமி கண்டாள். அதற்குப் பிறகு அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மனப்பாடம்.

"அம்மா, இவருக்குச் சலக்காய், கிட்னி, பழுதாப் போச்சு. ரத்தத்தில பொட்டாசியம் எண்டு ஒண்டு இருக்கு. எல்லாச் சாப்பாட்டிலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். எங்களுக்கு அது சலத்தோட போயிடும், இவருக்குப் போகாது. கூடிச்செண்டா நெஞ்சு நிண்டுபோகும்."

"நெஞ்சு நோகுமோ தம்பி?"

"நோகாது. சொல்லாமக் கொள்ளாம நிண்டுபோகும்."

நோவு என்றால் ஆள் சத்தம் போடும், ஓடிப் போய்ப் பார்க்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் நிற்கிற நெஞ்சை எப்படிக் காவல் காக்கிறது? அவளுக்குப் பயம் வந்து புகுந்தது அந்த இடத்தில்தான்.

ஊசி ஏற்றினார்கள், சேலைன் போட்டார்கள். கால் திரும்பவும் அவருடையதாயிற்று. அதற்குப் பிறகு ஒரு தூள் கொடுத்தார்கள். அது ரத்தத்துக்குப் போகாதாம். குடலுக்குள்ளேயே நின்று, கூடின பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போகுமாம். வலை மீனைப் பிடிக்கிற மாதிரி என்று டொக்டர் சொல்ல, தவராசாவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப என்ட வயித்துக்குள்ளயும் கரைவலை வளைக்கிறாங்கள்" என்றார். "இதுக்கு நேவியிட்டப் பாஸ் எடுக்கத் தேவையில்லைத்தானே?"

வீட்டுக்கு விடுகிற அன்று காலையில் டொக்டர் கட்டிலடியில் நின்று பத்தியம் சொன்னான். அன்னலட்சுமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"கால் வீங்குறபடியா உப்பைக் குறையுங்கோ. வாழைப்பழம் வேண்டாம், தோடம்பழம் வேண்டாம். கீரை, கிழங்கை அவிச்சுத் தண்ணியை ஊத்திப்போட்டுக் குடுங்கோ. பிறகு..."

கீழே வாகனங்கள் விடாமல் ஹோன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தன. எங்கேயோ வெடித்திருந்தது. ஒருவர் ஓடிவந்து வாசலில் நின்று கையைக் காட்ட, டொக்டர் அந்தப் "பிறகு"வை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். அவள் கொஞ்ச நேரம் காத்து நின்றாள். காயக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டில் வேணும் அம்மா, எழும்புங்கோ என்று நர்ஸ் மிஸ்ஸி அவசரப்படுத்தினாள். காக்கிக் கடதாசி உறையில் தூளையும் ஒரு பிளாஸ்டிக் கரண்டியையும் போட்டு, நாளுக்கு மூன்று தரம் கலக்கிக் குடுங்கோ என்று கையில் வைத்தாள். இரத்தம் சொட்டின நடைபாதையில் புருசனை ஒதுக்கி ஒதுக்கி நடத்திக்கொண்டு அன்னலட்சுமி வெளியே வந்தாள். மிச்சச் சொல்லைக் கேட்க அவளுக்கு நெஞ்சுரம் வரவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத்தான் வரும்?

திரும்பி வரும் வழியில் ஆமிச் சோதனைச் சென்றியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். சோதித்த ஆமிக்காரனுக்கு இருபது வயதுகூட இருக்காது, கழுத்தெல்லாம் வேர்க்குரு. உறையைப் பிரித்துப் பார்த்தான். வெள்ளையுமில்லை, மண்ணிறமுமில்லை, அரித்தெடுத்த கடல்மணல் மாதிரித் தூள். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் கொஞ்சம் பின்னுக்குப் போனார்கள். வரிசையில் நின்ற சனமும் அவளை விட்டு மெல்ல விலகியது. அவளைச் சுற்றி வெறும் தெருவும் வெயிலும்தான்.

"பெஹெத், மாத்தயா. மருந்து. பெஹெத்" என்றாள். அவளுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

அவன் தூளைக் காட்டி, பிறகு அவள் வாயைக் காட்டினான். "சாப்பிடு" என்றான் தமிழில்.

அவள் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள். பல்லில் நெறுநெறுத்தது. தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. உமிழ்நீர் வரவில்லை, பயத்தில் வாய் காய்ந்திருந்தது. ஆமிக்காரர் இரண்டு பேரும் அவளுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளும் ஏதும் நடக்குமோ என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. உறையைத் திருப்பிக் கொடுத்து, போ என்று கையைக் காட்டினான்.

இறக்கக்கண்டி வரும்வரை அவள் வாய்க்குள் மணல். இதைத்தானே இவர் ஒரு நாளைக்கு மூன்று தரம் விழுங்க வேண்டும் என்று நினைக்க அவளுக்குக் கண் கலங்கியது.

கலக்கிக் கொடுக்கிறது எதில்? கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அந்தத் தண்ணீரில் கலக்கினால் மருந்தோடு உப்பையும் அல்லவா ஊற்றுகிறோம்? பால் என்றால் ஊரில் ஒரு வீட்டில்தான் மாடு. அவள் வேலிக்கரையில் நின்று யோசித்துக்கொண்டிருக்க, லாபிரின் பெண்சாதி ரபீக்கா மறுபக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னக்கா, ஒங்கட அவருக்கு எப்புடி இரிக்கி?"

அன்னலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். சென்றியில் மணல் தின்றதையும் சொன்னாள். ரபீக்கா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அதுக்கேன் யோசிக்கிறீங்க? எங்கட வளவுல செவ்விளநி காய்ச்சித் தொங்குது. நோயாளிக்கு அதவிட என்ன குடுக்கிற? உப்புமில்ல, இனிப்பாயும் இரிக்கும். நான் ஒவ்வொரு நாளும் வெட்டித் தாறன்."

அந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். காய்ச்சல்காரனைப் பார்க்கப் போனாலும் இளநீர், பிள்ளைப்பெற்ற வீட்டுக்குப் போனாலும் இளநீர். நோயாளிக்கு இளநீர் கெடுதி என்று அங்கே யாருக்கும் கனவிலும் தோன்றியிராது. அந்த இனிப்புத் தண்ணீருக்குள் வாழைப்பழத்தில் இருக்கிறதைப் போல அதே பொட்டாசியம் நிறைந்து கிடக்கிறது என்பதும், டொக்டர் சொல்லாமல் விட்டுப்போன மிச்சச் சொல் அதுதான் என்பதும் அந்த இரண்டு வளவிலும் ஒருவருக்கும் தெரியாது. அன்பால் நடந்த பிழை அது. அதைத் தடுக்க அங்கே ஆள் இருக்கவில்லை.

இளநீரில் கலக்கிக் கொடுத்ததும் தவராசா மடமடவென்று குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"இஞ்சேர் அன்னம், இப்பத்தான் மருந்து மருந்து மாதிரி இருக்கு. இன்னும் இருக்கே?"

அவள் மனம் நிறைந்துபோனாள். தாகத்துக்கும் அதையே கொடுத்தாள். காலையில் ரபீக்கா வேலிக்கு மேலால் இளநீரை நீட்டுவாள். இவள் அதை இரண்டு கையாலும் வாங்குவாள். உப்பில்லாத சொதி, உப்பில்லாத சோறு, அவித்து ஊற்றின கீரை என்று பத்தியம் ஒரு சொட்டும் பிசகவில்லை. தவராசாவின் தமக்கை கனகம்மா அதே வீட்டில் இருந்தவள். புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள், கூரான நாக்கு.

"உப்பில்லாம ஆக்கிப்போட்டால் உடம்பில உயிர் எப்பிடித் தங்கும்?" என்பாள். "கருவாட்டைக்கூட உப்புப் போட்டுத்தான் கெடாமல் வைக்கிறது. நீ என்ட தம்பியை உப்பில்லாமல் வைச்சிருக்கிறாய்."

"டொக்டர் சொன்னவர் மச்சாள்."

"ஓம், டொக்டர் சொன்னவர். டொக்டர் வந்து உன்ட சொதியைக் குடிச்சவரே?"

தவராசா சிரிப்பார். "கடலுக்குள்ள பிறந்தவனுக்கு உப்புக் கூடாதாம், அக்கா. இதைப் போய் மீனுக்குச் சொன்னால் மீனும் சிரிக்கும்."

ஆனால் நாள் போகப் போக அந்தச் சிரிப்பும் மெலிந்தது. கரண்டி பிடித்த கை நடுங்கியது. வாயைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். வாசற்படி ஏறக் கதவு நிலையைப் பிடித்தார். கிளினிக் நாளில் போகலாம் என்றிருக்க, அன்றைக்குப் பார்த்துத் தெருவை மூடி ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். மருந்து காணாதாக்கும் என்று நினைத்தாள் அன்னலட்சுமி. கரண்டியைக் கொஞ்சம் கும்பமாக அள்ளினாள். தூள் கூடினபடியால் இளநீரும் கூடிற்று.

அவர் நித்திரை கொள்கிற நேரங்களில் அவள் பக்கத்தில் இருந்து நெஞ்சில் கையை வைத்திருப்பாள். அடிக்கும். அவளும் மூச்சு விடுவாள். காற்றில் தென்னோலை அடித்தால் எழும்பி ஓடிவந்து கையை வைப்பாள். பகலில் சோறு கிளறிக்கொண்டிருக்கிறபோது திடீரென்று அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். "என்னடி, நான் எங்கையும் ஓடிப்போகேல்லை" என்று அவர் பகிடி விடுவார். அவள் கையை வைத்துப் பார்ப்பாள். கையில் அகப்பைச் சூடு இருக்க, அவர் நெஞ்சு குளிர்ந்திருக்கும்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம். கரையில் வலை இழுக்கிறவர்களின் அம்பாச் சத்தம் காற்றோடு வந்துகொண்டிருந்தது. தவராசா படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அன்னம்" என்றார். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் குரல்.

"என்ன, என்ன செய்யுது?"

"காலைக் காணேல்லை."

அவள் கையை நெஞ்சில் வைத்தாள். ஒருமுறை அடித்தது. பிறகு, அடிக்கவா விடவா என்று யோசித்துக்கொண்டு நின்றது. பிறகு ஒருமுறை அடித்தது. இரண்டுக்கும் நடுவில் அவள் செத்துப் பிழைத்தாள்.

"லாபிர் தம்பி" என்று அவள் போட்ட சத்தத்துக்கு இரண்டு வளவும் எழும்பிவிட்டன. லாபிர் அப்போதுதான் மீன் ஏற்றிவிட்டு நின்றான். பெட்டிகளைத் தூக்கி நிழலில் எறிந்துவிட்டு வானைத் திருப்பினான். மீன் போனால் போகட்டும் என்றான். அவனும் இன்னொருவருமாகத் தவராசாவைப் பாயோடு தூக்கி உள்ளே கிடத்தினார்கள். கனகம்மாவும் ஏறிக்கொண்டாள். மத்தியான மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்று அன்னலட்சுமி தவித்தாள். சென்றியில் கத்தி கொண்டுபோக விடமாட்டார்கள். ரபீக்கா ஓடிப்போய் இளநீர் நாலைந்தைக் கண் சீவி, தேங்காய்ப் பொச்சுத் துண்டால் அடைத்து, பனையோலை உமலில் போட்டு அவள் மடியில் வைத்தாள்.

"வழியில குடுங்க அன்னக்கா. அல்லா காவல்."

வான் குலுங்கக் குலுங்கப் போனது. தரையில் ஐஸ் தண்ணீர், மீன் வாடை. சென்றியில் வாகனங்கள் வரிசையாக நின்றன. அங்கால் எங்கோ தெருவில் வெடித்திருக்கிறது, ஒருவரையும் விடுகிறார்கள் இல்லை என்று முன்னால் நின்றவர்கள் சொன்னார்கள். பொழுது சாய்ந்தால் தெருவை மூடிவிடுவார்கள். லாபிரின் முதுகுச் சேட்டு நனைந்து ஒட்டியிருந்தது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தவராசாவின் உதடு காய்ந்திருந்தது. "தண்ணி" என்றார்.

"மருந்தைக் குடுத்திட்டால் பிடிச்சுக்கொள்ளும்" என்றாள் கனகம்மா. "நேரம் போகுது. குடு."

அன்னலட்சுமி கோப்பையில் தூளைப் போட்டாள். கும்பமாகவே போட்டாள். உமலிலிருந்து ஒரு இளநீரை எடுத்து அடைப்பைப் பிடுங்கினாள். அதைச் சரிக்கப் போன நேரத்தில்தான் வானின் பின்கதவு திறந்தது.

அதே ஆமிக்காரன். அதே வேர்க்குருக் கழுத்து. அவன் பார்வை கோப்பைத் தூளில் விழுந்து, பிறகு கண் சீவி அடைத்த இளநீர்களில் விழுந்தது. அவன் போட்ட சத்தத்தில் வரிசையே நிலத்தில் குந்திக்கொண்டது. துவக்குகள் நிமிர்ந்தன. லாபிரை இறக்கி, உமலைத் தூக்கச் சொல்லி, தெருவை விட்டுத் தள்ளி மணலுக்குள் நடக்கவிட்டார்கள். அவன் கைகள் உமலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தன. ஆமிக்காரர் தூரத்திலிருந்து கத்தினார்கள். லாபிர் ஒவ்வொன்றாகக் கல்லில் அடித்து உடைத்தான். அன்னலட்சுமியின் கையில் இருந்ததையும் வாங்கிக் கவிழ்த்தார்கள். எதிலும் வெடி ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீர்தான். கொதித்துக் கிடந்த மணல் அவ்வளவையும் உறிஞ்சி இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டது.

வானுக்குள் கிடந்து தவராசா அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாசமாப் போவான்" என்று கனகம்மா பல்லுக்குள் முணுமுணுத்தாள். அன்னலட்சுமிக்குத் திட்டவும் தெம்பில்லை. என் புருசனின் உயிரை ஊற்றிவிட்டான் என்று ஒரே நினைப்பு. கோப்பையில் தூள் மட்டும் காய்ந்துபோய்க் கிடந்தது. அவள் அதை ஆமிக்காரனிடம் நீட்டி, மற்றக் கையால் புருசனைக் காட்டினாள். "பெஹெத்" என்றாள். 

அவனுக்கு அவளை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். குனிந்து உள்ளே பார்த்தான். தவராசாவின் கண்கள் மேலே செருகியிருந்தன. தன் சென்றியில் ஒரு ஆள் சாகிறதைப் பார்க்க அவனுக்கும் பயம் போல. உடனே முன்னுக்கு ஓடித் தெருவின் குறுக்குத் தடியைத் தூக்குவித்து, வரிசையைத் தாண்டிப் போ போ என்று வானின் பக்கத்தில் அடித்தான்.

ஆஸ்பத்திரியில் அதே டொக்டர். வயர்களை ஒட்டினார்கள். கடதாசி வெளியே வந்தது.  டொக்டர் ஊசியைத் தானே பிடித்துக் கை நரம்பில் ஏற்றினான், மெல்ல, மிகவும் மெல்ல, கண்ணைக் கடதாசியை விட்டு எடுக்காமல். அன்னலட்சுமி டொக்டரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒரு சேலைன், அதற்குள் இன்னொரு ஊசி. கனகம்மா சுவரோடு சாய்ந்து கோணேசர் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெளியில் வெயில் மங்கி, வார்டில் லைற் போட்டார்கள். அப்போதுதான் டொக்டர் நிமிர்ந்து ஒரு நீண்ட மூச்சு விட்டான்.

"இப்ப கொஞ்சம் பரவாயில்லை. தூள் குடுக்கேல்லையோ அம்மா?"

"ஒரு நேரமும் தவறேல்லை, தம்பி. கடைசியில கூடவும் குடுத்தனான்."

"சாப்பாடு?"

அவள் எல்லாம் சொன்னாள். உப்பில்லாச் சொதி, அவித்து ஊற்றின கீரை. டொக்டருக்கு விளங்கவில்லை. கடதாசியைத் திரும்பவும் பார்த்தான்.

"தூளை எதில கலக்கினனீங்கள்?"

"இளநியில."

அவன் கையிலிருந்த கடதாசி கட்டிலில் விழுந்தது.

"கிணத்துத் தண்ணி உப்பு, தம்பி. நீங்கள் உப்புக் கூடாதெண்டு சொன்னபடியால், ஒரு சொட்டும் அதில குடுக்கேல்லை. குடிக்கவும் இளநிதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை நாள் தவறாமல் வெட்டித் தந்தவ."

 டொக்டர் முக்காலியை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்து, மெதுவாகச் சொன்னான். இளநீரில் என்ன இருக்கிறது என்று. தூள் உள்ளே பிடிக்கப் பிடிக்க இளநீர் அதைவிடக் கூட ஊற்றிக்கொண்டிருந்தது என்று. ஒரு வாய்க் கிணற்றுத் தண்ணீரின் உப்பு ஒன்றும் செய்யாது என்று.

"அண்டைக்கு நான் சொல்லி முடிக்கேல்லை, அம்மா. அடுத்ததா அதைத்தான் சொல்ல நினைச்சனான்."

அவள் தலையாட்டினாள். அன்று போலவே தலையாட்டினாள்.

"கடைசியா எப்ப குடிச்சவர்?"

"காலமை. மத்தியானம் குடுக்கப் போனன். ஆமிக்காரன் உடைச்சு ஊத்திப்போட்டான்."

"அதையும் குடிச்சிருந்தால்..." என்று தொடங்கின டொக்டர் நிறுத்திக்கொண்டான்.

இந்த முறை மிச்சத்தை அவளே தனக்குள் சொல்லி முடித்தாள்.  கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரிக்கப் போன இளநீர், அந்தக் கதவு, அந்தச் சத்தம். ஒரு கணம் பிந்தியிருந்தால். அந்த ஆமிப் பெடியனுக்கு நன்றி சொல்கிறதா? துவக்கு நீட்டின முகத்தை நினைத்தால் இன்னும் குலை நடுங்குகிறது. 

கனகம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். மறுநாள் அவள் ஊருக்குத் திரும்பினாள். அன்னலட்சுமி புருசனோடு ஆஸ்பத்திரியில் தங்கினாள்.

தவராசாவைக் கூட்டிக்கொண்டு அவள் வீடு வந்தது ஒரு பின்னேரம், பஸ்ஸில். லாபிரின் வான் வரவில்லை. சொல்லி அனுப்பியும் வரவில்லை. ஊருக்குள் இறங்கினபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. கடைவாசலில் நின்ற தமிழ் ஆட்கள் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் கனகம்மாவோடு நாலைந்து பெண்கள். வேலிக்கு அந்தப் பக்கம் லாபிரின் வான் நின்றது, ஆள் தெரியவில்லை.

அவரைப் பாயில் கிடத்திவிட்டு வெளியே வந்தவளிடம் கனகம்மா குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்:

"இனி அந்த வேலிப்பக்கம் ஒண்டும் வாங்காதை. வேணுமெண்டு தந்தவளோ, தெரியாமல் தந்தவளோ, ஆருக்குத் தெரியும்? என்ட தம்பிக்கு நஞ்சாப் போனது அவளின்ட இளநிதானே."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அன்னலட்சுமிக்குக் காதுக்குள் இரைந்தது. காலம் எப்படிப்பட்ட காலம்! இதைவிடச் சின்னக் கதையில் தமிழர், முஸ்லிம் என்று எத்தனை வளவு எரிந்திருக்கிறது. இந்த ஒரு சொல் கடைவாசலைத் தாண்டிப் பள்ளிவாசலடிக்குப் போனால் என்ன நடக்கும்? இன்னொரு மத்தியானம் இவர் காலைக் காணேல்லை என்று சொன்னால் எந்த வேலியில் நின்று யாரைக் கூப்பிடுகிறது? அவளுக்கு ஆஸ்பத்திரியில் வந்த பயமே திரும்பவும் வந்தது. அதே பயம்தான், இடம்தான் வேறு.

வேலியில் ஓலை சரசரத்தது. ரபீக்கா நின்றாள். அழுது வீங்கின கண். இடுப்பில் ஒரு செவ்விளநீர், கையில் கத்தி. வழக்கத்தில் வந்த மாதிரி வந்துவிட்டாளா, வேண்டுமென்றே வந்தாளா தெரியவில்லை. நீட்டவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை.

"அன்னக்கா, நான் நஞ்சு குடுத்ததாம் எண்டு கதைக்கிறாங்க. அவரு வானை வெளிய எடுக்கப் பயப்படுறாரு." குரல் உடைந்தது. "நீங்களும் அப்புடித்தானா நெனைக்கிறீங்க?"

  அன்னலட்சுமி வேலிக்குப் போய் இரண்டு கையாலும் அந்த இளநீரை வாங்கினாள். கத்தியையும் வாங்கினாள். கண் சீவினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அண்ணாந்து வாயில் சரித்தாள். கடைவாயால் வழிந்து சட்டையை நனைக்க நனைக்க, இடையில் நிறுத்தாமல், ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் குடித்து முடித்தாள். சென்றியில் மணல் தின்றுவிட்டு நின்ற மாதிரியே, வெறும் கோம்பையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்றாள்.

"நல்ல இனிப்பு" என்றாள். "அவருக்குத்தான் கூடாதாம். அவரின்ட சலக்காய் பழுது. அது டொக்டரும் சொல்லி முடிக்கேல்லை, எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கலக்கிக் குடுத்தது நான்." பிறகு கனகம்மாவின் பக்கம் திரும்பினாள். "மச்சாள், உங்களுக்கும் ஒண்டு வெட்டட்டோ?"

 பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மறைத்தாள். உள்ளேயிருந்து தவராசாவின் குரல் வந்தது, மெலிந்த குரல்தான், ஆனால் பழைய குரல்.

"குடி அக்கா. உப்பில்லைத்தான், ஆனால் உன்ட வாய்க்குக் கொஞ்சம் இனிப்பும் வேணும்."

ரபீக்கா போய் இன்னொரு இளநீர் கொண்டுவந்தாள். கனகம்மா அதை வாங்கினாள். யாரையும் பார்க்காமல், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் வான் இயந்திரம் உறுமி அடங்கியது. லாபிர் அதைத் திருப்பி, முகம் தெருப்பக்கம் பார்க்க நிறுத்திவிட்டு இறங்கினான்.

பெண்கள் கலைந்த பிறகு அன்னலட்சுமி கிணற்றில் ஒரு வாளி அள்ளினாள். இந்த முறை விரலை நனைத்துப் பார்க்கவில்லை. கோப்பையில் தண்ணீர் வார்த்து, தூளை அளந்து, கும்பமாக இல்லாமல் மட்டமாக அளந்து, கலக்கினாள். தவராசா ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மண்" என்றார்.

"ஓம், மண்தான். நானும் திண்டனான். குடியுங்கோ."

குடித்தார். கோப்பையை வாங்கி வைத்துவிட்டு அவர் நெஞ்சில் கையை வைத்தாள். சேலைத்தலைப்பில் இன்னும் இளநீர் வாசம். கரையில் யாரோ அம்பாவை எடுத்துக்கொடுக்க, அது சரியாக வராமல் இழுபட்டது. அவர் உதடு அந்த அடியைத் தனக்குள் திருத்திச் சொல்லிற்று. கைக்குக் கீழே நெஞ்சு ஒருமுறை அடித்தது. அவள் அடுத்ததற்குக் காத்திருந்தாள். வந்தது. அதற்கு அடுத்ததற்கும் காத்திருந்தாள்.